110 டன் காந்தம்... முதலில் உள்ளே படுப்பது யார்?

2017 டிசம்பர். அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரம். குளிர் எலும்பைத் துளைக்கும் ஒரு காலை நேரத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் எம்.ஆர்.ஐ ஆராய்ச்சி மையத்துக்குள் ஒருவர் நடந்து வந்தார். சிகிச்சைக்கு வந்தவர் அல்ல. ஆராய்ச்சிக்காகத் தன் உடம்பைக் கொடுக்கச் சம்மதித்து வந்த தன்னார்வலர்.

ஸ்கேன் எடுத்துக்கொண்ட யாருக்கும் அடுத்து நடந்தது தெரிந்ததுதான். உடையை மாற்றச் சொன்னார்கள். மோதிரம், தோடு, வாட்ச் எதுவும் இருக்கக் கூடாது. உடம்புக்குள் பேஸ்மேக்கர், ஸ்க்ரூ, பிளேட் ஏதாவது இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நம்மூர் ஸ்கேன் சென்டர் வாசலில் தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் கழற்றி, கர்ச்சீப்பில் முடிந்து கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் அதே சடங்குதான்.

ஆனால், இவருக்கு இன்னொரு பரிசோதனையும் நடந்திருந்தது. தள்ளாடாமல் நிற்க முடிகிறதா என்று சில நாட்களுக்கு முன்பே பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள். உள்ளே போய் வந்த பிறகு தலைசுற்றல் இருந்தால், அது காந்தத்தால் வந்ததா, அவருக்கு ஏற்கெனவே இருந்ததா என்று தெரிய வேண்டும் அல்லவா?

பிறகு அவர் 4 மீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் போய்ப் படுத்தார். அவரைச் சுற்றி 110 டன் எடையுள்ள காந்தம். அதைச் சுற்றி 600 டன் இரும்புச் சுவர். சுமார் ஒரு மணி நேரம் அவருடைய இடுப்பு மூட்டைப் படம் எடுத்தார்கள்.

அவருக்கு முன்பு அந்தக் குழாய்க்குள் உயிரோடு போய் வந்தவை பன்றிகள் மட்டுமே.

மனித உடலைப் படமெடுக்க அதுவரை பயன்படுத்தப்பட்ட எம்.ஆர்.ஐ காந்தங்களிலேயே சக்தி வாய்ந்தது அது. 10.5 டெஸ்லா. அந்தக் காந்தம் பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியது 2013 டிசம்பரில். அதாவது, மெஷின் வந்து சேர்ந்ததற்கும், முதல் மனிதர் உள்ளே படுத்ததற்கும் நடுவே நான்கு ஆண்டுகள்!

வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தால், அன்று சாயங்காலமே ஒரு லோடு துணி போட்டுப் பார்த்துவிடுவார்கள். கோடிகளைக் கொட்டி வாங்கிய ஸ்கேனரை நான்கு ஆண்டுகள் மனிதர்கள் மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தது ஏன்?

10 லட்சத்தில் 5 பேர்

மருத்துவமனைகளில் இருக்கும் எம்.ஆர்.ஐ மெஷின்கள் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. மின்னசோட்டாவின் 10.5 டெஸ்லாவைப் பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு.

இவ்வளவு பெரிய காந்தம் எதற்கு? மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் அணுக்கள். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் உட்கருவும் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். சாதாரண நேரத்தில் இவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய காந்தத்துக்குள் போனதும் புலத்தின் திசையில் பாதியும் எதிர்த்திசையில் பாதியுமாக அணிவகுக்கும். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், படமே வராது. நல்லவேளையாக, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சத்தை ரேடியோ அலையால் தட்டி எழுப்பி, அவை திருப்பி அனுப்பும் சிக்னலைக் கேட்டுத்தான் படம் வரைகிறது மெஷின்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரிந்தால் ஆச்சர்யமாக இருக்கும். 1.5 டெஸ்லா மெஷினில், 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு சுமார் 5 மட்டுமே. ஒரு மாநகரமே கூடி நின்று கத்த, அதில் 5 பேர் குரல் மட்டும் காதில் விழுகிற மாதிரி. காந்தத்தின் பலம் கூடக்கூட இந்த எண்ணிக்கையும் கூடும். 10.5 டெஸ்லாவில் அது சுமார் 35. அப்போதும் கொசுறுதான். ஆனால், 5 எங்கே, 35 எங்கே? சிக்னல் கூடினால் படத்தில் இன்னும் பொடிப்பொடியான விஷயங்கள் தெரியும், அல்லது அதே படத்தை இன்னும் சீக்கிரம் எடுக்கலாம்.

முதல் ஆளுக்கு இடுப்பு மூட்டைப் படமெடுத்ததற்கும் இதுதான் காரணம். மூட்டில் எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெல்லிய படலம். அது துல்லியமாகத் தெரிகிறதா என்பது மெஷினுக்கு வைக்கும் கடினமான தேர்வு.

கடையில் கிடைக்காத பொருள்

ஒரு மருத்துவமனை எம்.ஆர்.ஐ வாங்குவது கார் வாங்குவது மாதிரி. எந்தக் கம்பெனி, என்ன மாடல், சர்வீஸ் எப்படி, தவணை எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யலாம். டெஸ்லாவுக்கு ஒரு மில்லியன் டாலர் என்று தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள். (ஒரு மில்லியன் என்பது 10 லட்சம்.)

ஆராய்ச்சிக்கான ராட்சத ஸ்கேனர் அப்படி இல்லை. கேட்லாகில் இருக்காது. பார்த்துவிட்டு வாங்க இன்னோர் இடத்தில் ஓடிக்கொண்டும் இருக்காது. காந்தம் செய்பவர் ஒருவர், ரேடியோ ஆன்டெனாக்கள் செய்பவர் இன்னொருவர், கட்டடம் கட்டுபவர் வேறொருவர். ஆன்டெனாக்களைப் பல நேரம் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்களே மேஜையில் வைத்துச் சால்டர் செய்து உருவாக்குவார்கள். மின்னசோட்டாவின் காந்தம் இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் இருந்த அஜிலென்ட் நிறுவனத்தின் பிரிவில் செய்யப்பட்டது. காந்தம் அமெரிக்கா போய்ச் சேர்ந்த மறு ஆண்டே, அந்த நிறுவனம் இந்தத் தொழிலை விட்டு வெளியேறுவதாக அறிவித்துவிட்டது. இனி ஏதாவது கோளாறு என்றால் சர்வீஸுக்கு யாரைக் கூப்பிடுவது? ராட்சத ஸ்கேனர் வாங்கும் எந்தப் பல்கலைக்கழகமும் இந்தக் கவலையோடுதான் வாங்க வேண்டியிருக்கிறது.

காந்தம் ரெடியாகும் முன்பே கட்டடம் ரெடியாக வேண்டும். 110 டன் என்பது கிட்டத்தட்ட 25 யானைகளின் எடை. இரும்புச் சுவர் 600 டன். இரண்டையும் தாங்கும் அஸ்திவாரம் வேண்டும். இரும்புச் சுவர் எதற்கு? உள்ளே இருக்கும் காந்தப்புலம் வெளியே கசிந்தால், பக்கத்து அறையில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு ஆபத்து. லிஃப்ட் மேலும் கீழும் போனால்கூடப் படம் கெட்டுவிடும்.

அடுத்து, குளிர். இந்தக் காந்தம் நிரந்தரக் காந்தம் அல்ல. மீக்கடத்திக் கம்பிகளைச் சுருள் சுருளாகச் சுற்றிச் செய்தது. மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வைத்தால், அந்தக் கம்பியில் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். ஒருமுறை ஏற்றிவிட்டால், குளிர் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போக முடியாது. நள்ளிரவில், யாருமே இல்லாத அறையிலும் காந்தம் விழித்துக்கொண்டிருக்கும். துப்புரவுப் பணியாளர்கூடத் தனிப் பயிற்சி இல்லாமல் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். ஆம், பிறந்தநாள் பலூனில் அடைக்கும் அதே ஹீலியம்தான். உலகில் அமெரிக்கா, கத்தார், அல்ஜீரியா, ரஷ்யா என்று சில நாடுகளில், இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து பூமிக்கடியில் இருந்து வருகிறது. காற்றில் தப்பித்தால் போனது போனதுதான். மேலே ஏறி விண்வெளிக்கே போய்விடும். 2012, 2013 வாக்கில் உலகம் முழுக்க ஹீலியம் தட்டுப்பாடு. காந்தத்தை நிரப்பிச் சோதித்துப் பார்க்க ஹீலியம் கிடைக்காமல் மின்னசோட்டாவின் காந்தமும் காத்துக் கிடந்தது. பணம் இருக்கிறது, காந்தம் இருக்கிறது, குளிரவைக்கச் சரக்கு இல்லை!

அந்த மையத்தின் இயக்குநர் கமில் உகுர்பில். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்க்கும் விஞ்ஞானி. ஹீலியத்துக்காகக் காத்திருந்தார், பிறகு காந்தம் வருவதற்காகக் காத்திருந்தார். வந்த பிறகு, அதற்குள் ஒரு மனிதரை அனுப்பலாம் என்ற தைரியம் வருவதற்காகக் காத்திருந்தார். மூன்றாவது காத்திருப்புதான் நீளமானது.

உள்ளே போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பெரியவர்களுக்கு 8 டெஸ்லா வரையிலான காந்தப்புலத்தால் பெரிய ஆபத்து இல்லை என்று வரையறுத்திருக்கிறது. அதைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆபத்து உறுதி என்பதல்ல இதன் பொருள். அந்த அளவில் மனித உடலுக்கு என்ன ஆகும் என்று சொல்லப் போதுமான அனுபவம் உலகில் யாருக்கும் இல்லை என்பதுதான்.

தெரிந்த தொல்லைகள் சில உண்டு. காதுக்குள் உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் திரவம் இருக்கிறது. பலமான காந்தப்புலம் அதை லேசாகத் தள்ளிவிடும். ராட்டினத்தில் சுற்றி இறங்கிய மாதிரித் தலை கிறுகிறுக்கும். சிலருக்கு நாக்கில் காசைச் சப்பிய மாதிரி உலோகச் சுவை தெரியும். படுக்கையை மெதுவாக உள்ளே நகர்த்தினால் இவை குறையும், வெளியே வந்ததும் அடங்கிவிடும்.

விஞ்ஞானிகளுக்கு அதைவிடப் பெரிய கவலை சூடு. காந்தத்தின் பலம் கூடினால், அணுக்களைத் தட்டி எழுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் கூட வேண்டும். 10.5 டெஸ்லாவுக்கு அது சுமார் 447 மெகாஹெர்ட்ஸ். அந்த அலை உடலுக்குள் போனதும் அதன் அலைநீளம் 10 சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். மனிதத் தலையைவிடச் சின்னது. அதனால் தலைக்குள்ளேயே அலைகள் ஒன்றோடொன்று மோதி, ஓரிடத்தில் சேர்ந்து பலமாகும், இன்னோரிடத்தில் அடித்துக்கொண்டு மறையும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய சாதம் ஓர் ஓரத்தில் கொதித்தும், நடுவில் சில்லென்றும் இருக்கிறதே, ஏறக்குறைய அதே கதை. படத்தில் திட்டுத் திட்டாக இருட்டு விழும் என்பது ஒரு பிரச்னை. பலமாகச் சேரும் இடத்தில் திசு சூடாகிவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பிரச்னை.

அதனால் ஒரே ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பல சிறிய ஆன்டெனாக்களை உடலைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தி, அலையைச் சீராகப் பரப்பப் பழகினார்கள். காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். விலங்குகளை வைத்துப் பார்த்தார்கள். பன்றியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. உடல் பருமனில் மனிதருக்குக் கிட்டத்தட்ட வருகிறது. எலியை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

பின்னால் வந்த தன்னார்வலர்களுக்கும் ஸ்கேனுக்கு முன்பும் பின்பும் சமநிலை, நினைவாற்றல், ரத்த அழுத்தம் என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். நான்கு ஆண்டுகளை வீணடித்தார்கள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். கோடிக்கணக்கில் செலவு செய்துவிட்டு, சீக்கிரம் படம் காட்டு என்று நாலு பக்கமும் நெருக்கும்போது, இன்னும் தயாராகவில்லை என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

குண்டாக இருந்த டாக்டர்

ஆரம்ப காலத்தில் இவ்வளவு பொறுமை இல்லை.

1977, நியூயார்க்கின் புரூக்ளின். அங்கிருந்த மாநிலப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ரேமண்ட் டமேடியன் என்ற டாக்டர், முழு உடல் ஸ்கேனர் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து தானே கட்டிக்கொண்டிருந்தார். விலைக்கு வாங்கலாம் என்றால், விற்பவரே அப்போது உலகில் கிடையாது. காந்தத்துக்கான மீக்கடத்திக் கம்பியை மைல் கணக்கில் கையால் சுற்றினார்கள். மெஷினுக்கு ‘அடங்காதது’ என்ற பொருளில் இண்டாமிட்டபிள் என்று பெயர் வைத்தார் டமேடியன்.

முதலில் உள்ளே போனவர் அவரேதான். நெஞ்சைச் சுற்றி ஆன்டெனா சுருளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் ஆகியும் ஒரு சிக்னலும் வரவில்லை. கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சுருளுக்குப் பொருந்தாத அளவுக்கு டாக்டர் குண்டாக இருந்தார்!

ஒல்லியான ஓர் ஆள் வேண்டும். மாணவர் லாரி மின்காஃப் இருந்தார். ஆனால் அவர் உடனே ஏறி உட்காரவில்லை. டமேடியனுக்கு ஏதாவது ஆகிறதா என்று சில வாரங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். குருவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகுதான், 1977 ஜூலை 3 அன்று உள்ளே போனார். கிட்டத்தட்ட 5 மணி நேரம். கொஞ்சம் நகர்ந்து உட்கார், இன்னும் கொஞ்சம் நகர் என்று அவரையே நகர்த்தி நகர்த்தி, நூற்றுச் சொச்சம் புள்ளிகளை வைத்து நெஞ்சின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் தேற்றினார்கள். இன்று பார்த்தால் கோலம் கலைந்த மாதிரி இருக்கும். உயிருள்ள மனிதனின் நெஞ்சுக்குள் கத்தியும் எக்ஸ்ரேயும் இல்லாமல் பார்த்த படம் அது.

மறு ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு. 15 வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, அச்சுத் தொழிலில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு மாலை வகுப்பில் படித்து இயற்பியல் பேராசிரியர் ஆனவர். இவருடைய குழுவும் முழு உடல் ஸ்கேனரைச் சொந்தமாகக் கட்டியது. அது ஆபத்தாக முடியலாம் என்று எச்சரிக்கை வந்தும், வேறு யாரையும் அனுப்பாமல் 1978-ல் தானே முதலில் உள்ளே போனார். ஒன்றும் ஆகவில்லை. 2003-ல் மான்ஸ்ஃபீல்டுக்கும் அமெரிக்காவின் பால் லாட்டர்பருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டமேடியனுக்கு இல்லை. அநியாயம் என்று செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. அந்தச் சண்டை தனிக் கதை.

பேராசிரியரே உள்ளே போவதைப் படிக்க சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால், தன் கண்டுபிடிப்பின் மேல் நம்பிக்கை வைத்து ஒருவர் தன் உயிரைப் பணயம் வைப்பதும், முன்பின் தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்புவதும் ஒன்றல்ல. மின்னியாபோலிஸில் நான்கு ஆண்டுகள் பிடித்தது இரண்டாவது வகை என்பதால்தான்.

என்ன கிடைக்கும் என்று கேட்டால்?

இவ்வளவு செலவு செய்து இதை வாங்கினால் என்ன கிடைக்கும்? பணம் கொடுக்கும் எந்த அரசும், எந்தக் கமிட்டியும் கேட்கிற முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். சங்கடம் என்னவென்றால், நேர்மையான விஞ்ஞானியால் முழுப் பதில் சொல்ல முடியாது.

மின்னசோட்டாவின் சொந்த அனுபவமே இதற்குச் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே 4 டெஸ்லா ஸ்கேனர் வந்தது. மருத்துவமனைகளில் 1.5 டெஸ்லாவே உச்சமாக இருந்த காலம். அதே சமயம் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒன்றைக் கவனித்திருந்தார். ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும், ஆக்சிஜனை இழந்த ரத்தமும் காந்தத்துக்குள் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. அப்படியானால், மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அங்கே ரத்த ஓட்டம் மாறுவதைப் படமாகவே பார்க்கலாமே? உகுர்பில் குழுவும் ஒகாவாவும் சேர்ந்து அந்த 4 டெஸ்லா மெஷினில் முயன்றார்கள். கண்ணுக்கு வெளிச்சம் காட்டியதும், மூளையின் பின்பக்கம் பார்வைக்கான பகுதி படத்தில் தனித்துத் தெரிந்தது. 1992-ல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டில் பாஸ்டனில் இன்னொரு குழுவும் இதையே காட்டியது.

ஊசி இல்லை, கதிரியக்க மருந்து இல்லை. யோசிக்கும் மூளையை வெளியே இருந்தே பார்க்கும் வழி திறந்துவிட்டது. இன்று மூளையில் கட்டியை எடுக்கும் முன், பேச்சுக்கான பகுதி எங்கே இருக்கிறது, கத்தி படக் கூடாத இடம் எது என்று டாக்டர்கள் பார்ப்பதும் இந்த முறையில்தான்.

7 டெஸ்லாவின் கதை இன்னும் நீளம். மின்னசோட்டாவில் மனிதர்களுக்கான 7 டெஸ்லா ஸ்கேனர் 1999-ல் ஓடத் தொடங்கியது. அது ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி நோயாளிகளுக்குப் பயன்பட அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 2017 அக்டோபரில். 18 ஆண்டுகள்! 3 டெஸ்லா ஸ்கேனில் ‘எல்லாம் நார்மல்’ என்று வரும் சில வலிப்பு நோயாளிகளுக்கு, வலிப்பு கிளம்பும் சின்னஞ்சிறு தழும்பு 7 டெஸ்லாவில் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தால் ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிக்கலாம். வருஷக்கணக்காக வலிப்போடு வாழும் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்ப வாங்கிய பெற்றோருக்கு, அந்தப் பொட்டு அளவு தழும்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கையால் பொருத்திய ஸ்கேனர்

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உலகில் 1.5 டெஸ்லா மெஷின்கூட எட்டாத தூரத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அங்கே இல்லாதபோது இங்கே 10.5 எதற்கு என்று கேட்டால், தட்டிக்கழிக்க முடியாது.

உகாண்டாவின் பராரா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சிக்காக எம்.ஆர்.ஐ ஸ்கேனர் ஒன்றைப் பெற்றது. 2022-ல் நெதர்லாந்தில் இருந்து பெட்டிகளில் பாகங்கள் வந்தன. சிறு சிறு நிரந்தரக் காந்தங்கள் ஏராளமாக உருளை வடிவில் அடுக்கப்பட்டவை. அங்கிருந்தவர்களே கூடி உட்கார்ந்து, மணிக்கணக்கில் பொருத்தி முடித்துவிட்டார்கள். ஹீலியம் வேண்டாம், இரும்புச் சுவர் வேண்டாம். அதன் பலம் சுமார் 0.05 டெஸ்லா. மின்னசோட்டா காந்தத்தில் 200-ல் ஒரு பங்கு!

படம் மங்கல்தான். ஆனால், அவர்கள் பார்க்க நினைத்தது பொடி விஷயங்களை அல்ல. குழந்தைகளின் மூளையில் நீர் கோத்துக்கொண்டு தலை பெருத்துப்போகும் நோய் அந்தப் பகுதியில் அதிகம். மூளைக்குள் நீர் எங்கே, எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்தால் சிகிச்சைக்கு வழி பிறக்கும். அதற்கு மங்கலான படமே போதுமா என்பதுதான் ஆராய்ச்சி.

பராராவில் பொருத்தியது சரி, மின்னியாபோலிஸில் வாங்கியது வீண் என்று சொல்லிவிட முடியாது. இவ்வளவு பலவீனமான சிக்னலில் இருந்து படத்தைத் தேற்றும் வித்தைகளில் பல, பெரிய மெஷின்களைக் கட்டி அழுதவர்கள் கற்றுக்கொண்டவைதான். ஆனாலும், இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்ஜெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

பூசணிக்காய்க்கு முதல் மரியாதை

மின்னசோட்டாவின் சாதனையை இப்போது பிரான்ஸ் முந்திவிட்டது. பாரீஸ் பக்கத்தில் சாக்ளேயில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தின் 11.7 டெஸ்லா காந்தம் 132 டன் எடை. உள்ளே 182 கிலோமீட்டர் நீளத்துக்கு மீக்கடத்திக் கம்பி. சென்னையில் இருந்து நீட்டினால் திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் வரை வரும். பெல்ஃபோர்ட் என்ற ஊரில் செய்து, சாலையிலும் நீர்வழியிலுமாக ஊர்வலம் வந்து, 2017-ல் இடம் சேர்ந்தது. 2019 ஜூலையில் முழு பலத்தை எட்டியது. 2021-ல் அதற்குள் முதலில் வைத்துப் படமெடுத்தது, ஒரு பூசணிக்காயை!

திருஷ்டி கழிக்க அல்ல. பூசணிக்காய்க்குள் சதை, நார், விதை, தண்ணீர் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. தலை அளவும் இருக்கும். சூடானாலும் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் மனிதர்களுக்கான அனுமதிக்குக் காத்திருந்து, சுமார் 20 தன்னார்வலர்களை ஸ்கேன் செய்து, 2024 ஏப்ரலில்தான் மூளைப் படங்களை வெளியிட்டார்கள். 0.2 மில்லிமீட்டர் நுணுக்கத்தில், வெறும் 4 நிமிடங்களில் எடுத்த படங்கள். அதே தரத்தில் ஒரு சாதாரண மருத்துவமனை மெஷினில் எடுப்பதென்றால், மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எந்த மனிதராலும் அது முடியாது. அந்தத் திட்டம் பேச்சாகத் தொடங்கியதில் இருந்து இந்தப் படங்கள் வரும்வரை சுமார் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. தொடக்கத்தில் இளைஞர்களாகச் சேர்ந்தவர்களுக்கு இப்போது நரை விழுந்திருக்கும்.

அடுத்த வரிசையும் தயார். நெதர்லாந்தில் 14 டெஸ்லா ஸ்கேனருக்கு 2023-ல் பணம் ஒதுக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் 11.7 டெஸ்லா ஸ்கேனருக்கு 2022-ல் அரசு ஆராய்ச்சி நிதியில் இருந்து 2.91 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற பல்கலைக்கழகம் எது தெரியுமா? நாட்டிங்ஹாம். 1978-ல் எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் ஒரு பேராசிரியர் தானே உள்ளே போன அதே இடம்.

மான்ஸ்ஃபீல்டு 2017 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். இந்த முறை அங்கே பேராசிரியர் முதலில் உள்ளே போக மாட்டார். ஆய்வகப் பொருட்கள் போகும், விலங்குகள் போகலாம், விண்ணப்பங்கள் கமிட்டி கமிட்டியாகப் போகும். இதெல்லாம் முடிந்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் குழாய்க்குள் முதலில் படுக்கப்போகிறவர், இப்போது எங்கோ பள்ளியில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சர்யமில்லை.